பாத்திரத்துக்கு வெளியே பெய்த சாரல்

பதினோரு வருஷம் நான் குற்றாலத்தில் மழை அளந்தேன். சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். மழையை அளக்க ஓர் ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று கேட்கிறார்கள். ஆள் உண்டு, சம்பளமும் உண்டு. அருவிக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் ஆபீஸ் இருந்தது. அதன் பின்புறம், கம்பி வேலிக்குள், பாதி மண்ணில் புதைந்தபடி ஒரு செம்புப் பாத்திரம். வாய் புனல் மாதிரி இருக்கும். அதில் விழும் மழை உள்ளே இருக்கும் சீசாவில் இறங்கும். காலை எட்டு மணிக்கு அந்தச் சீசாவை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இத்தனை சென்ட் என்று ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். நூறு சென்ட் ஓர் அங்குலம். அதே எண்ணை ஒரு துண்டுத் தாளிலும் எழுதித் தலைமைக் குமாஸ்தாவிடம் கொடுப்பேன். அந்தத் தாள் எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கேயோ போய் அச்சாகிறது என்று நினைத்திருந்தேன். அச்சாகிற ஒரு விஷயத்தை எழுதுகிறவன் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு மிதப்பும் இருந்தது.

மேலகரத்திலிருந்து நடந்து போவேன். அந்த நடை எனக்கு ஒரு பஞ்சாங்கம். பங்குனியில் மலை வற்றிய மாட்டின் விலா மாதிரி எலும்பெலும்பாகத் தெரியும். சித்திரையில் அருவிப் பாறையில் வெறும் கறுப்புக் கோடு. வைகாசி கடைசியில் காற்றில் ஓர் ஈர வாசம் புறப்படும். பிறகு ஆனி பிறந்தால், செங்கோட்டைக் கணவாய் வழியே, யாரும் கூப்பிடாமல், சொன்ன நாளுக்கு வருகிற மருமகனைப் போல, சாரல் வந்து நிற்கும். ஐப்பசியில் கிழக்கேயிருந்து இடியோடு வேறொரு மழை. மார்கழியில் பனி. மறுபடி பங்குனி. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிச் சுற்றுகிற இந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன்தான் நான், சக்கரத்தில் என் கை படாது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சாரலை யாரும் மழை என்று சொல்வதில்லை. 'மழை பேயுதா?' என்று கேட்டால், தலைமயிரெல்லாம் நீர் சொட்ட நின்றுகொண்டே, 'எங்கன மழை? சாரல்தான்' என்பார்கள். அது மேலிருந்து கீழே விழுவது கிடையாது. காற்றில் ஏறிக் குறுக்கே போகும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே போகும். சுவர் நனையும், குரங்கு நனையும், மடித்து வைத்த வேட்டிகூடக் குளிர்ந்து போகும். ஆனால் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கிற அந்தச் செம்புப் பாத்திரத்தை மட்டும், பணக்காரச் சொந்தக்காரன் நம் வாசலைத் தாண்டுகிற மாதிரி, திரும்பிப் பாராமல் தாண்டிப் போய்விடும்.

முதல் வருஷம் நேர்மையாகப் பூஜ்யம் போட்டேன். ஊரே ஊறிக் கிடக்கிறது, நான் 'இல்லை' என்று எழுதுகிறேன். பொய்ச் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. இரண்டாம் வருஷம் ஒரு நாள், கை தானாக இரண்டு சென்ட் போட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை உண்டாக்கிக்கொண்டேன். மேலகரத்திலிருந்து ஆபீஸ் வருவதற்குள் மூக்குக்கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தேனோ அத்தனை சென்ட். மூன்று தடவை என்றால் மூன்று. பலத்த சாரல் என்றால் எட்டுக்கூட வரும். இதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். நல்ல மழை பெய்த வருஷங்களில் என்னுடைய இந்த இரண்டும் மூன்றும் பெரிய மழைக்குள் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போயின.

அந்த வருஷம் அப்படி இல்லை. சண்டைக் காலம். பர்மா அரிசி நின்று போய், ரேஷன் கடை வாசலில் வரிசை நின்ற வருஷம். ஆனியிலும் ஆடியிலும் காற்று வந்தது, சாரல் வந்தது, மழை வரவில்லை. அருவி விழுந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். குளிக்க வந்தவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு முறை வைத்து நின்றார்கள். நானோ தினமும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஆடி நடுவில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி குளிக்க வந்தார். மழைக் கணக்குகளை எல்லாம் பார்க்கிற இலாகாவில் பெரிய பதவி. மற்றவர்கள் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவருவார்கள். அவர் கூடவே ஒரு சின்ன மழைப் பாத்திரமும் கொண்டுவந்திருக்கிறார். தங்கியிருந்த பங்களாத் தோட்டத்தில் அதை வைத்துப் பத்து நாள் அளந்திருக்கிறார். எங்கள் ஆபீசுக்கும் அந்தப் பங்களாவுக்கும் கூப்பிடு தூரம். பதினோராம் நாள் காலை, தலையில் ஈரத்தோடு வந்து, என் ரிஜிஸ்தரைக் கேட்டார்.

விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். கோபம் இல்லாத குரல்.

"இன்றைக்குச் சீசாவில் எவ்வளவு இருந்தது?"

"ஒரு சென்டுக்கும் குறைவு சார்."

"நீங்கள் எழுதியிருப்பது ஆறு."

"ஆமா சார்."

"மீதி எங்கேயிருந்து வந்தது?"

"பெய்தது சார். பாத்திரத்துக்கு வெளியே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ கேலி செய்கிறேனோ என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு கேலி இல்லை என்று தெரிந்து, அது இன்னும் மோசம் என்று முகம் மாறியது. "எத்தனை வருஷமாக?" என்றார். சொன்னேன். ரிஜிஸ்தரை மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி, மேஜைமேல் வைத்தார். "இதற்கு என்ன பெயர் தெரியுமா உங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரிந்த பெயர் சாரல்.

மத்தியானத்துக்குள் தாள் வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் எழுதித் தரவேண்டும், ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று. அந்தத் தாளை நான் நாலைந்து தடவை படித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். சேர்த்து வாசித்தால் விளங்கவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டில் இரண்டு பெண்கள், மூத்தவளைப் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. காலின்கீழே தரை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அதே சாரல், ஒன்றும் நடக்காத மாதிரி, குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தலைமைக் குமாஸ்தா நல்ல மனுஷர். பொடி போடுவார். பொடியை உறிஞ்சிவிட்டு, என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றார்.

"என்னவே, பேயடிச்ச மாதிரி இருக்கேரு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"கேளும். அளக்குத கிளாஸு கீறிப்போச்சு, புதுசு கேட்டு வரல, கண் மதிப்புல எழுதினேன்னு எழுதும். நானும் ஆமான்னு கையெழுத்துப் போடுதேன். கண்டிச்சு விட்டுருவான். தீந்துது."

"கிளாஸ் நல்லாத்தானே இருக்கு?"

"நாளைக்கு நல்லா இருக்காது," என்றார். என் மேஜையிலிருந்து குவளையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, விளிம்பில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். "இம்புட்டுத்தானவே சங்கதி."

எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அளவுக் குவளை கீறல் விட்டபடியால் என்று ஆரம்பித்தும்விட்டேன். அந்தத் தாள் மேஜைமேல் பாதியில் கிடந்தபோதுதான், மூன்றாம் நாள், அவள் வந்தாள்.

கீழப்பாவூர்க்காரி. ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, சொந்த நிலத்தைத் தானே பயிரிடுகிறவள் என்று அவள் பேச்சிலிருந்து தெரிந்தது. பஸ்ஸிலும் நடந்தும் வந்திருக்கிறாள். மடியில் கட்டியிருந்ததை அவிழ்த்து எடுத்தாள். ஆனியில் நடுகிற கார் போகத்து நெல் நாற்று, ஒரு கைப்பிடி. வயலில் நட்டிருக்க வேண்டிய நாள் தாண்டி, நாற்றங்காலிலேயே முற்றி, கணு விட்டு, நுனியெல்லாம் மஞ்சள் வைக்கோலாகியிருந்தது.

"ஐயா, இங்கன மழை எழுதுத ஆபீசு இதுதானா?"

"என்ன வேணும்?" என்றார் தலைமைக் குமாஸ்தா.

"ஒண்ணும் வேண்டாம். எந்த மகராசன் எழுதுதாவன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். மழை பேஞ்சிருக்குன்னு தாள்ல இருக்காம். அதனால முறை கிடையாதாம். எங்க குளத்துல கொக்கு காலு நனையாம நடந்து போவுது. ஒருவேள அவுக வீட்டு மேல மட்டும் பேஞ்சுதோ என்னவோ."

இரண்டு குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். "மேல பேஞ்ச மழை கீழ வர நாளாகும்மா," என்றார் தலைமைக் குமாஸ்தா.

"நாளாகும். அதுவரைக்கும் இந்த நாத்த நீங்க வளக்கியளா?" என்றாள். மேஜைகளைப் பார்த்தாள். என் மேஜைதான் வாசலுக்குப் பக்கம். அதன்மேல், பாதி எழுதிய என் விளக்கத்தின் மேல், நாற்றை வைத்துவிட்டுப் போனாள்.

"முறை கிடையாதுன்னா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீரு குடுக்குத தாளு எங்கன போவுதுன்னு இம்புட்டு வருஷமா தெரியாதாவே?"

தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. சிற்றாற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது, ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இத்தனை நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள். மேல் வாய்க்காலை அடைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். மலையடிவாரத்தில் தொடர்ந்து மழை என்று எங்கள் தாள் சொன்னால், ஆற்றில் தண்ணீர் தாராளம் என்று முறையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் இருந்ததையெல்லாம் இழுத்துக்கொள்வார்கள். அந்த ஆனியில் முறை வைத்தார்கள். என் மூக்குக்கண்ணாடி மூன்று வாரம் விடாமல் நனைந்தது. முறையை எடுத்துவிட்டார்கள்.

இடி விழுந்தவன் எரிந்து போகாமல் நின்றால் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும். வேலை போகும் என்ற தாளைப் படித்தபோது வந்தது பயம். இது வேறு. மழைக்குப் பின்னால் நடந்து போகிறது என் எழுத்து என்று நினைத்திருந்தேன். அந்த வருஷம் ஆறு என் எழுத்துக்குப் பின்னால் நடந்திருக்கிறது. பாத்திரத்துக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நான் சேர்த்த ஒவ்வொரு சென்டும் கிழக்கே பத்து மைல் தள்ளி ஒருத்தியின் நாற்றங்காலில் வெயிலாக விழுந்திருக்கிறது. என்னால் அந்த நாற்றைத் தொட முடியவில்லை. தாளிலிருந்து எடுக்கவும் முடியவில்லை. சாயங்காலம் ஆபீஸ் பூட்டுகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

மறுநாள் வேறொரு தாள் எடுத்தேன். குவளை நல்ல நிலையில் இருக்கிறது, சாரல் நாட்களில் பாத்திரத்தில் இல்லாத மழையை என் மனப்படி எழுதினேன், இந்த வருஷம் ஆனி முதல் எழுதியவற்றில் இன்னின்ன நாள் கணக்கு பொய் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். முறையைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கடைமடைக்காரர்கள் ஒரு மனு கொடுத்திருந்தார்களாம்; அப்படி எழுதினால்தான் அதற்கு உயிர் உண்டு. குவளை கீறல் என்றால் ரிஜிஸ்தர் அப்படியே நிற்கும். தலைமைக் குமாஸ்தா படித்துவிட்டு, திறந்த பொடி டப்பாவைப் போடாமலே மூடினார்.

"உமக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு. இத வாங்கி நான் மேல அனுப்பினா உம்ம கழுத்த நானே அறுத்த மாதிரி."

"அனுப்புங்க அண்ணாச்சி."

"பொட்டப்புள்ளைய ரெண்டு இருக்குவே."

"தெரியும்."

வீட்டில் சொன்னேன். என் மனைவி முறத்தில் ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கல் பாதி. கை நிற்கவில்லை.

"எழுதிக் குடுத்தாச்சா, இல்ல குடுக்கட்டான்னு கேக்கியளா?"

"குடுத்தாச்சு."

"இல்லாத மழைய எழுதும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அத ஒத்துக்கிட்டு எழுதும்போதும் கேக்கல. இப்ப மட்டும் எதுக்குச் சொல்லுதிய?" என்றாள். முறத்தை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். "வாசுதேவநல்லூர்க்காரங்கள தையில வரச் சொல்லுங்க. இப்ப வந்தா நாம என்ன சொல்லுவோம்?"

அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். கணக்குப் பார்க்கிற மாதிரி பேசினாள். அது எனக்கு அழுகையைவிடப் பெரிய அடியாக இருந்தது.

புரட்டாசியில் என்னை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்கள், முடிவு வரும் வரைக்கும். காலை எட்டு மணி என்பது திடீரென்று ஒரு வேலையும் இல்லாத மணியாகிவிட்டது. அருவி மெலிந்து, பாறை வெளியே வந்தது. வெயில் ஏறியது. எனக்கு ஒரு மூட எண்ணம் இருந்திருக்கிறது, நான் அளக்காவிட்டால் ஏதோ ஒன்று தடுமாறும் என்று. ஒன்றும் தடுமாறவில்லை. ஐப்பசி தன் நாளில் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி கிழக்கே கேட்டபோது நான் கிணற்றடியில் வாளியோடு நின்றிருந்தேன். என்னை வைத்துக்கொண்டும் வரும், தள்ளிவிட்டும் வரும். இத்தனை வருஷம் அதை ஆறுதலாகத்தான் நினைத்துப் பார்த்திருக்கிறேன், பருவம் திரும்பும், திரும்பும் என்று. அன்றைக்கு அந்தத் திரும்புதலின் முகத்தைப் பார்த்தேன். அதில் யாரையும் தெரிந்த குறி இல்லை.

என் வாக்குமூலத்தால் ஒன்று நடந்தது. ஐப்பசிக்குமேல் நடுகிற பிசானப் போகத்துக்கு, மழை ரிஜிஸ்தரைப் பார்த்து முறையை எடுக்கக் கூடாது, ஆற்று மட்டத்தை நேரில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கார்த்திகையில் எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. இரண்டே வரி. நீக்கிவிட்டார்கள்.

அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் பாவூர்ச்சத்திரத்தில் இறங்கி, கீழப்பாவூருக்கு நடந்தேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று போயிருக்கலாம். குளத்தில் தண்ணீர் கிடந்தது. வாய்க்கால் ஓடியது. வயல்களில் நடவு. விசாரித்து விசாரித்து, நாற்று வைத்துவிட்டுப் போனவளின் வயலைக் கண்டுபிடித்தேன். முழங்கால் சேற்றில் நாலைந்து பெண்களோடு குனிந்திருந்தாள். நிமிர்ந்தாள்.

"அந்த மழைய எழுதினது நாந்தான் அக்கா," என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாவ. நீரு ஒருத்தருதான் நாத்தப் பாத்துக்கிட்டு இருந்தீரு. பெறவு வாய்க்கா பாக்குத ஆளும் சொன்னான், மழைக்காரரு எழுதிக் குடுத்துட்டாருன்னு." கையிலிருந்த நாற்று முடியைப் பிரித்தாள். "வேலை போச்சா?"

"இன்னைக்குத்தான் தாள் வந்துது."

அவள் குனிந்து இரண்டு நாற்றை ஊன்றினாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள், "யாருக்கா இவுக?" என்றாள். "மழை எழுதுனவரு," என்றாள் இவள். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி நடவுக்குக் குனிந்துகொண்டாள்.

"இந்தப் பிசானம் நல்லா வந்துரும் அக்கா," என்றேன். என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

"வரும். எனக்குக் கார் நெல்லு போச்சுல்லா. அது வராது."

"அடுத்த ஆனியில..."

"அடுத்த ஆனி அடுத்த ஆனிக்கு," என்றாள். "இந்த ஆனிக்கு நானும் எம்மவளும் கேப்பக் கஞ்சி குடிச்சோம். அத எந்த ஆனியும் வந்து திருப்பித் தராது."

பருவங்களைப் பற்றி அத்தனை வருஷம் யோசித்தவனுக்கு இந்த ஒரு சங்கதி தோன்றியதே இல்லை. கையைச் சட்டைப்பைக்கு மேல் வைத்திருந்தேன் போலிருக்கிறது, உள்ளே தாள் சரசரத்தது.

"நீரு நிக்குத எடம் மடை," என்றாள் அவள். "மண்ணு சரியுது பாரும். வரப்ப விட்டு எறங்கும்."

இறங்கினேன்.